சமூகவியலின் முன்னோடிகளையும் கோட்பாடுகளையும் படிப்பது எப்படி? ஒரு மொய் நோட்டோடு தொடங்கும் வழிகாட்டி

சமூகவியலை முதன்முதலாகப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். காம்ட் என்றால் தந்தை, மார்க்ஸ் என்றால் வர்க்கம், துர்க்கைம் என்றால் தற்கொலை, வெபர் என்றால் அதிகாரம். நானும் அப்படித்தான் படித்தேன். தேர்வு முடிந்த இரண்டாவது மாதம் எதுவும் மனதில் நிற்கவில்லை. பிறகு ஒருமுறை முதலிலிருந்து படித்தபோதுதான் புரிந்தது: இவர்கள் எல்லோரும் தங்கள் கண்முன் நடந்த ஏதோ ஒன்று பிடிபடாமல் தவித்தவர்கள். அந்தத் தவிப்பு என்னவென்று தெரிந்துவிட்டால் கோட்பாடு தானாகவே பின்னால் வரும்.

இந்த வழிகாட்டியை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் படித்து முடிக்க வேண்டாம். ஒரு படிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் படி: ஒரு பொருளைக் கையில் எடுங்கள்

கோட்பாட்டுக்கு முன்னால் ஒரு பொருள் வேண்டும். நான் எப்போதும் எடுப்பது மொய் நோட்டு. உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும். நீளமான நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, கீழே வரிசையாக ஊர், பெயர், தொகை. 101, 501, 1001. பெரிய தொகை வந்தால் அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு. அடுத்த வருடம் அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால், கிளம்புவதற்கு முன் இந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவோம். அவர்கள் வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்போம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, மொய்க்காக மட்டும் ஆடி மாதத்தில் விருந்து வைக்கும் வழக்கமும் உண்டு.

இதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வைக்காமல் இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: பெயர் வந்த கதை

சமூகவியல் பிறந்தது நிம்மதியான காலத்தில் அல்ல. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி. அரசன், திருச்சபை, பிரபுக்கள் என்று ஆயிரம் ஆண்டுகள் நின்ற ஏற்பாடு சில ஆண்டுகளில் சரிந்தது. அதே சமயம் இங்கிலாந்தில் ஆலைகள் எழுந்தன, கிராமங்கள் காலியாகி நகரங்கள் வீங்கின. பழைய ஒழுங்கு போய்விட்டது, புதியதைத் தாங்கி நிற்கப்போவது எது? அந்தத் தலைமுறை முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தது.

அகஸ்ட் காம்ட் 1798-இல் பிரான்ஸின் மோன்ட்பெல்லியே நகரில் பிறந்தார். சமூகத்தைப் பற்றிய அறிவை முதலில் 'சமூக இயற்பியல்' என்றுதான் அழைத்தார். பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே அதே பெயரைத் தன் நூலில் பயன்படுத்திவிட்டதால், காம்ட் 1839-இல் 'சமூகவியல்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். பாதி லத்தீன், பாதி கிரேக்கம் சேர்ந்த சொல் அது. மனித அறிவு இறையியல் நிலை, தத்துவ நிலை, அறிவியல் நிலை என்று மூன்று கட்டங்களாக வளர்கிறது என்பது அவருடைய விதி. பார்த்து, ஒப்பிட்டு, சோதித்துத்தான் சமூகத்தை அறிய முடியும் என்ற அவருடைய நிலைப்பாட்டை நேர்க்காட்சிவாதம் என்கிறோம். மூன்று நிலை விதியை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. 'சமூகத்தையும் ஆராயலாம்' என்ற துணிச்சல்தான் அவர் விட்டுச்சென்றது.

இங்கே ஒரு பெண்ணைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹாரியட் மார்ட்டினோ. காது கேட்பதற்கு ஊதுகுழல் போன்ற கருவியைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்து எழுத்தாளர். காம்ட்டின் ஆறு தொகுதிகளை 1853-இல் இரண்டாகச் சுருக்கி மொழிபெயர்த்தார். அந்தச் சுருக்கம் மூலத்தைவிடத் தெளிவாக இருந்ததால், பின்னாளில் அதையே திரும்பப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தார்கள். அவருடைய சொந்த வேலை இன்னும் முக்கியமானது. 1834 முதல் 1836 வரை அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்தார். 'எல்லோரும் சமம்' என்று சொல்லும் நாட்டில் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் என்ன இடம் என்று, அந்த நாடு சொன்னதை வைத்தே அதை அளந்து எழுதினார். ஒரு சமூகத்தை அதன் சொந்த வாக்குறுதியால் அளப்பது இன்றும் நல்ல முறை.

துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377-லேயே குழுப் பற்றும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சியும் பற்றி எழுதியிருக்கிறார். அவரை முன்னோடி என்று சொல்வது சரியே. ஆனால் ஐரோப்பியத் துறை அவரைத் தொடர்ந்து வளரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மார்க்ஸ், ஒரு தையல்காரப் பெண்ணின் வழியாக

மார்க்ஸை 'வர்க்கப் போராட்டம்' என்ற சொல்லில் தொடங்காதீர்கள். 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில் தொடங்குங்கள். இங்கிலாந்தின் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளையும் செய்தித்தாள்களையும் வரி வரியாகப் படித்து எழுதியது அது. அதில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் வருகிறாள். 1863-இல், வேல்ஸ் இளவரசியை வரவேற்க நடந்த நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. மேரி இன்னும் 60 பெண்களோடு, அறைக்கு 30 பேராக அடைந்து, 26½ மணி நேரம் இடைவிடாமல் தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள்.

கடை முதலாளி கெட்டவர் என்று மார்க்ஸ் முடித்துவிடவில்லை. அந்த இடத்தில் எந்த முதலாளி இருந்திருந்தாலும் போட்டி அவரை இதையேதான் செய்ய வைத்திருக்கும் என்றார். உழைப்பவருக்குக் கூலியாகப் போவதற்கும் அவர் உண்டாக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசமே உபரி மதிப்பு. வேலை நாளை நீட்டினால் அது பெருகும். தான் தைத்த உடையும், தன் நேரமும், தன் உடலும்கூடத் தனக்குச் சொந்தமில்லாமல் போவதுதான் அந்நியமாதல். மேரியின் கதையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கருத்துகளும் மறக்காது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ரயில்பாதையும் நவீனத் தொழிலும் வந்தால் இந்தியாவில் சாதியின் பரம்பரைத் தொழில் பிரிவு கரைந்துவிடும் என்று 1853-இல் ஒரு நியூயார்க் நாளிதழில் எழுதினார். ரயில் வந்து நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. நாளிதழில் மணமகள் தேவை பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நான்காம் படி: துர்க்கைம், இங்கே நிதானமாக உட்காருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எமில் துர்க்கைம் 1858-இல் பிரான்ஸின் எபினால் நகரில், யூத குருமார் பரம்பரையில் பிறந்தவர். சமூகவியல் ஒரு தனித் துறை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் வேண்டுமென்றே மிகக் கடினமான பொருளை எடுத்தார். தற்கொலை. ஒரு மனிதன் தனியாக, யாருக்கும் தெரியாமல் எடுக்கும் முடிவு என்று எல்லோரும் நம்பும் ஒன்று. அதற்குள்ளேயே சமூகம் இருக்கிறது என்று காட்டிவிட்டால் மற்றவை எளிது.

1897-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காக 26,000 தற்கொலைப் பதிவுகளை வயது, பால், மணமானவரா, குழந்தை உண்டா என்று தனித்தனியாகப் பிரித்து எண்ணினார்கள். கணினி இல்லாத காலம். அத்தனையையும் எண்ணியது துர்க்கைமின் அக்காள் மகன் மார்செல் மோஸ். பதிவுகளைப் பார்க்க வழி செய்து கொடுத்தவர் நீதித்துறைப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவர் கேப்ரியல் டார்ட். சமூகவியலில் துர்க்கைமோடு கடைசிவரை வாதாடிய எதிர்த்தரப்புக்காரர் அவர். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

எண்ணிப் பார்த்ததில் ஒவ்வொரு நாட்டிலும் விகிதம் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. இறப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். விகிதம் மட்டும் எப்படி நிற்கிறது? புராட்டஸ்டன்ட்கள் கத்தோலிக்கர்களைவிட அதிகம். மணமாகாதவர்கள் மணமானவர்களைவிட அதிகம். போர்க்காலத்தில் குறைகிறது. பொருளாதாரம் சரிந்தால் கூடுகிறது, சரி. திடீரென்று செழித்தாலும் கூடுகிறது! வறுமைதான் காரணம் என்ற விளக்கம் அங்கே உடைகிறது.

அவருடைய பதில் இரண்டு அச்சுகளில் நிற்கிறது. ஒன்று, மனிதன் குழுவோடு எவ்வளவு பிணைந்திருக்கிறான். பிணைப்பு குறைந்தால் தன்முனைப்புத் தற்கொலை, அளவுக்கு மீறினால் பிறர்க்கான தற்கொலை. இரண்டாவது, அவனுடைய ஆசைகளுக்குச் சமூகம் எவ்வளவு வரம்பு கட்டுகிறது. வரம்பு அறுந்தால் நெறியின்மைத் தற்கொலை, மூச்சுமுட்ட இறுகினால் விதிவசத் தற்கொலை. கடைசி வகையை அவர் ஓர் அடிக்குறிப்பில் மட்டுமே சொன்னார். அது ஏன் அடிக்குறிப்போடு நின்றது என்பது இன்றுவரை கேட்கப்படும் கேள்வி. வெளியேற வழியில்லாத திருமணங்களை நினைத்தால் அது அடிக்குறிப்பில் அடங்கும் விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இதைத்தான் அவர் 'சமூக உண்மை' என்றார். நமக்கு வெளியே இருக்கிறது, நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. மொய்யைப் போல. விமர்சனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: அரசுப் பதிவுகளை அப்படியே நம்பினார். கத்தோலிக்க ஊர்களில் பழிக்கு அஞ்சிக் குடும்பங்கள் மறைத்திருந்தால் கணக்கு என்ன ஆகும்?

1893-இல் எழுதிய உழைப்புப் பிரிவினை பற்றிய நூலிலிருந்து ஒரு சோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வாழ்வதால் வரும் பிணைப்பு இயந்திர ஒருமைப்பாடு, ஒருவரை ஒருவர் நம்பியிருப்பதால் வரும் பிணைப்பு உயிர்ம ஒருமைப்பாடு. பலரும் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். நவீன நகரம் 'இயந்திரம்' அல்ல, அதுதான் 'உயிர்மம்'.

ஐந்தாம் படி: வெபர், ஒரு குளக்கரையில்

ஜெர்மன் பேராசிரியர் மாக்ஸ் வெபர் 1897-இல் தந்தையோடு கடுமையாகச் சண்டையிட்டார். சில வாரங்களில் தந்தை இறந்தார். அதன்பின் பல ஆண்டுகள் வெபரால் பாடம் நடத்தவே முடியவில்லை. மனம் ஓரளவு தேறிய நிலையில் 1904-இல் அமெரிக்கா போனார். அங்கே ஒரு குளிர்ந்த அக்டோபர் ஞாயிறு, மலையடிவாரக் குளத்தில் ஞானஸ்நானம் நடப்பதைப் பார்த்தார். ஓர் இளைஞன் நடுங்கிக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். பக்கத்தில் நின்ற உறவினர், 'இவன் ஊரில் வங்கி தொடங்கப் போகிறான், அதற்குத்தான்' என்ற பொருளில் சொன்னார். அந்தச் சபை ஒருவனை எளிதில் சேர்த்துக்கொள்ளாது, நடத்தையை விசாரித்துத்தான் சேர்க்கும். சேர்த்துவிட்டால் ஊரே அவனிடம் பணத்தை நம்பிப் போடும்.

இதுதான் வெபர். சமயமும் சந்தையும் எங்கே கைகோக்கின்றன என்று அந்த மனிதனின் உள்நோக்கத்திலிருந்து பார்ப்பது. 1904-05 கட்டுரைகளில், கடுமையாக உழைத்துச் செலவு செய்யாமல் சேர்க்கும் மனநிலைக்கும், புராட்டஸ்டன்ட் சமயத்தின் ஒரு பிரிவான கால்வினிய நம்பிக்கைக்கும் உள்ள ஈர்ப்பை விளக்கினார். 'புராட்டஸ்டன்ட் சமயம் முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்றார் வெபர்' என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். ஒற்றைக் காரணத்தைத்தான் அவர் மறுத்தார்.

அப்புறம் அதிகாரத்தின் மூன்று வகை: ஊர்ப் பெரியதனம் மரபு அதிகாரம், கூட்டத்தைத் தன் பேச்சால் கட்டும் தலைவருடையது கவர்ச்சி அதிகாரம், தாசில்தாருடையது சட்ட அதிகாரம். தாசில்தார் மாற்றலாகிப் போனாலும் நாற்காலியின் அதிகாரம் போகாது. வர்க்கம், அந்தஸ்து, கட்சி மூன்றும் வேறு வேறு என்றதும் அவரே. பணமிருப்பவருக்கு மரியாதை இல்லாமலும், மரியாதை இருப்பவருக்குப் பணம் இல்லாமலும் போகலாம்.

ஆறாம் படி: பட்டியலில் விடுபட்டவர்

அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் பிலடெல்பியா நகரின் ஏழாம் வார்டில் மனைவியோடு குடியேறி, வீடு வீடாகப் போய்க் கேட்டு, 1899-இல் ஆய்வை வெளியிட்டார். கறுப்பின மக்களின் வறுமைக்கு அவர்களுடைய இயல்பு காரணமல்ல, அடிமை வரலாறும் வேலை மறுப்புமே காரணம் என்று எண்ணிக்கையோடு காட்டினார். துர்க்கைமின் ஆய்வுக்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியது. ஆனாலும் பல காலம் பாடப் புத்தகங்கள் அவரைச் சேர்க்கவில்லை. உங்கள் குறிப்பேட்டில் மார்க்ஸ், துர்க்கைம், வெபருக்கு அடுத்த பக்கம் இவருடையதாக இருக்கட்டும்.

ஏழாம் படி: மொய் நோட்டைத் திறங்கள்

முதல் படியில் எழுதி வைத்த கேள்வியை எடுங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் பார்ப்போம்.

செயல்பாட்டுவாதம்: துர்க்கைமின் வழியில் வந்தவர்கள் அமெரிக்காவின் டால்காட் பார்சன்ஸும் ராபர்ட் மெர்ட்டனும். ஒரு வழக்கம் சமூகம் முழுமைக்கும் என்ன வேலை செய்கிறது என்பது இவர்களின் கேள்வி. மெர்ட்டன் 1949-இல் வெளிப்படையான செயல்பாடு, மறைமுகச் செயல்பாடு என்று பிரித்தார். கல்யாணச் செலவுக்குக் கை கொடுப்பது வெளிப்படை. விட்டுப்போன சொந்தத்தை வருடத்துக்கு ஒருமுறை படியேற வைப்பது மறைமுகம். ஒரு வழக்கம் கெடுதலும் செய்யலாம் என்பதையும் மெர்ட்டன் சொன்னார். வட்டிக்கு வாங்கி மொய் வைக்கும் வீட்டைப் பாருங்கள்.

இதே இடத்துக்கு மார்செல் மோஸும் வருகிறார். பதிவுகளை எண்ணிய அதே மோஸ் 1925-இல் கொடை பற்றி எழுதினார். கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், திருப்ப வேண்டும் என்ற மூன்று கடமைகள். பசிபிக் தீவுகளை வைத்து எழுதியது, நம் மொய் நோட்டுக்கு வரிக்கு வரி பொருந்துகிறது.

முரண்பாட்டுக் கோட்பாடு: மார்க்ஸின் வழி. ரைட் மில்ஸ், டாரன்டார்ஃப் போன்றவர்கள் 1950-களில் வளர்த்தது. யாருக்கு லாபம் என்பது கேள்வி. நாலு ஊரோடு பழக்கம் உள்ள நிலக்காரருக்குக் கல்யாணத்தன்று சேரும் தொகை, வட்டியில்லா முதல். தினக்கூலி வீட்டுக்கோ ஆவணியில் ஐந்து பத்திரிகை வந்தால் அது கடன். நோட்டில் எந்தச் சாதியார் பெயர் இல்லை என்று தேடுங்கள். அழைக்கப்படாதவர்களின் பட்டியல் அங்கே எழுதாமலே இருக்கிறது.

குறியீட்டு ஊடாட்டவாதம்: சிகாகோவின் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இதன் வேர். அவருடைய வகுப்புகளை அவர் இறந்தபின் 1934-இல் மாணவர்கள்தான் புத்தகமாக்கினார்கள். ஹெர்பர்ட் புளூமர் 1937-இல் பெயர் வைத்தார். பொருளுக்கு மனிதர்கள் பழகிப் பழகிக் கொடுக்கும் அர்த்தம் என்ன என்பது கேள்வி. 500-க்கும் 501-க்கும் ஒரு ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் 500 முடிந்துபோன தொகை, 501 தொடரும் உறவு. எர்விங் காஃப்மன் ஷெட்லாண்ட் தீவு ஹோட்டலில் பணியாளர்கள் சமையலறையில் ஒரு மாதிரியும் உணவுக்கூடத்தில் வேறு மாதிரியும் நடப்பதைக் கவனித்து, முன்மேடை, பின்மேடை என்றார். மண்டபத்தில் கவரைச் சிரித்துக் கொடுப்பது முன்மேடை. 'அவன் நமக்கு எவ்வளவு வச்சான்?' என்று வீட்டில் நோட்டைப் புரட்டியது பின்மேடை.

பெண்ணியப் பார்வை: ஆன் ஓக்லி லண்டனின் 40 இல்லத்தரசிகளிடம் பேசி 1974-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் உழைப்பதைக் காட்டினார். அதுவரை சமூகவியல் வீட்டுவேலையை வேலையாகவே எண்ணவில்லை. எங்கள் வீட்டு நோட்டை இந்தக் கண்ணோடு ஒருநாள் புரட்டினேன். பக்கம் பக்கமாக ஆண் பெயர்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர் என் அம்மா. அந்த நோட்டில் அவர் பெயர் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.

எட்டாம் படி: இந்தியாவுக்குள் வாருங்கள்

1916 மே 9. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் சாதி பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் செய்வது. அதைக் காக்கத்தான் உடன்கட்டை, விதவைக் கொடுமை, குழந்தை மணம் எல்லாம் என்று பெண்ணின் மேல் சாதி வைத்த பிடியை அப்போதே காட்டினார். சாதி பரவியதை விளக்க, போலச்செய்தல் பற்றிய டார்ட்டின் விதிகளை எடுத்துக்கொண்டார். ஆம், துர்க்கைமுக்குப் பதிவுகளைத் தந்த அதே டார்ட். கீழே உள்ள சாதிகள் மேலே உள்ளவர்களின் சடங்குகளை எடுத்துக்கொள்வதை எம். என். ஸ்ரீநிவாஸ் 1952-இல் சமஸ்கிருதமயமாதல் என்று பெயரிட்டு விளக்கினார். அம்பேத்கரின் கட்டுரை அதற்கு 36 ஆண்டுகள் முந்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இந்தியாவில் சமூகவியல் ஒரு துறையாகத் தொடங்கியது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில், 1919-இல். ஜி. எஸ். குர்யே அதை வளர்த்தார், ஸ்ரீநிவாஸ் அவருடைய மாணவர்.

தஞ்சாவூருக்கும் இதில் ஓர் இடமுண்டு. இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் ஒரு தஞ்சைக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். நூலில் அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர். அக்ரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி. முன்பு சாதியும் நிலமும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. பிராமணர்கள் நிலத்தை விற்று நகரம் போக, பஞ்சாயத்து அதிகாரம் மற்றவர்கள் கைக்கு வர, மூன்றும் பிரியத் தொடங்கின என்று காட்டினார். வெபரின் வர்க்கம், அந்தஸ்து, கட்சி என்ற பிரிவு காவிரிக்கரையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை. அக்ரகாரத்தில் குடியிருந்ததால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார் என்பது அவர் என்ன பார்க்கிறார் என்பதை மாற்றுகிறது.

ஒன்பதாம் படி: எழுதிப் பாருங்கள்

நான்கு நாட்கள், நான்கு பக்கம். ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: ரேஷன் கடை வரிசை, கோயில் திருவிழா வரி, பள்ளிச் சீருடை, எது வேண்டுமானாலும். முதல் நாள் 'இது எதைக் கட்டிக் காக்கிறது?', இரண்டாம் நாள் 'யாருக்கு லாபம், யார் வெளியே?', மூன்றாம் நாள் 'இதில் இருப்பவர்கள் இதற்கு என்ன அர்த்தம் கொடுக்கிறார்கள்?', நான்காம் நாள் 'இங்கே பெண் எங்கே?' முதல் மூன்று நாளும் கோட்பாட்டின் பெயரை எழுதவே கூடாது. பெயரில்லாமல் எழுத வந்துவிட்டால் தேர்வில் பெயரைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை.

நான்கும் ஒன்றுக்கொன்று முட்டும். முட்டுகிற இடத்தை அழிக்காமல் அப்படியே விடுங்கள், கட்டுரையில் படிக்கத் தகுந்த பகுதி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மொய்யையே எடுப்பதாக இருந்தால், அடுத்த முகூர்த்தத்தில் சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்கு முன் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எழுதுகிறவர் 'யார் பேர்ல எழுதணும்?' என்று கேட்பார். பணத்தை எண்ணிக் கொடுத்த அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு, தூரத்தில் நிற்கும் அண்ணனைத் திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.